தோட்ட மண்ணில் கன உலோகம்: குவாசூலு-நட்டால் தமிழ் விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்திறங்கியவர்களில் பலர், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் கிடைத்த துண்டு நிலத்தில் காய்கறி போட்டுத்தான் பிழைத்தார்கள். வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் பயிரிடுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலையும் கீரையும் முருங்கையும் இல்லாத வீடு குறைவு.

இந்த நிலங்களைச் சுற்றி ஆலைகளும் நெடுஞ்சாலைகளும் குப்பைமேடுகளும் பிறகு வந்தன. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் நம் குடும்பங்களைப் பெயர்த்து எங்கே கொண்டுபோய் வைத்ததோ, அந்த இடங்கள் பலவும் தொழிற்சாலைக்குப் பக்கத்து இடங்கள். தென் டர்பனின் மெரிபேங்க் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் அருகே பெனோனியின் ஆக்டன்வில் தங்கச் சுரங்கங்கள் இருந்த பட்டையிலேயே உண்டானது. ஆகவே மண்ணில் ஈயமோ ஆர்செனிக்கோ இருக்கிறதா என்று கேட்பது வீண் பயம் இல்லை.

ஈயம், ஆர்செனிக், காட்மியம் போன்ற கன உலோகம் மட்காது, ஆவியாகியும் போகாது (பாதரசம் ஓரளவு விதிவிலக்கு). நாற்பது வருடத்துக்கு முன் விழுந்த ஈயம் இன்றும் மேல்மண்ணில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் அந்த ஈயத்தில் பெரும்பகுதி வேர் வழியாகச் செடிக்குள் ஏறி நம் தட்டுக்கு வருவதில்லை. தூசியாகவும், கையில் ஒட்டிய மண்ணாகவும், சரியாகக் கழுவாத இலையிலும்தான் வருகிறது. இது புரிந்துவிட்டால் பெரும்பாலான நிலத்தைக் கைவிடாமலே பாதுகாப்பாகப் பயிரிட முடியும். காட்மியம் இதற்கு மாறாக நடந்துகொள்ளும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: நிலத்தின் பழைய கதையைத் தோண்டுங்கள்

பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் ஆய்வகத்துக்குப் போனால், கேட்காத உலோகத்தை அவர்கள் அளந்து தரமாட்டார்கள்.

அந்த இடத்தில் முன்பு மாடு வளர்த்தார்களா என்று கேளுங்கள். 1900களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் மாடுகளை அழித்தபோது, உண்ணியைக் கொல்ல மாடுகளை ஆர்செனிக் கரைசலில் முக்கி எடுக்கும் டிப் தொட்டிகளை மாகாணம் முழுக்கக் கட்டினார்கள். தொட்டி இடிந்து புல் மூடிப் போயிருக்கலாம். சுற்றியுள்ள மண்ணில் ஆர்செனிக் இருக்கும். நிலம் வாங்குகிறவர்கள் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது சாலை. தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில்தான் முற்றாக நின்றது. நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் 30 மீட்டரைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். பழைய வீட்டின் சுவரோரமும் அப்படித்தான்: சுரண்டிய பழைய பெயின்ட் அங்கேயே விழுந்திருக்கும். கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்த இடம், பழைய இரும்புக் கடை, குப்பை எரித்த குழி, இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் இன்னும் கூடும்.

பச்சை சாயம் ஏறிய வேலிக்கம்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் ஏற்றிப் பதப்படுத்திய மரம் அது. தக்காளிக்குத் தாங்குகோலாகவும் பாத்தி ஓரப் பலகையாகவும் எங்கும் பயன்படுத்துகிறார்கள். அதைக் காய்கறிப் பாத்தியில் வைக்க வேண்டாம். பழைய துண்டுகளை ஒருபோதும் எரிக்க வேண்டாம், இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் போடவே வேண்டாம். ஆர்செனிக் சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலை உரம் என்று கீரைக்குத் தூவுவது கடும் ஆபத்து.

உரமும் மருந்தும் உலோகத்தைக் கொண்டுவருவது உண்டு. கோழி எருவில் தீவனத்திலிருந்து வரும் செம்பும் துத்தநாகமும் இருக்கும். தக்காளிக்கு வருடக்கணக்கில் அடித்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மண்ணில் செம்பாகச் சேரும். பாஸ்பேட் உரத்தில் காட்மியம் வரலாம். லிம்போபோ மாகாணத்தின் பலபோர்வாவில் பாஸ்பேட்டுக்காக வெட்டி எடுக்கும் பாறை எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்தது என்பதால் அதில் காட்மியம் குறைவு. படிவுப் பாறையிலிருந்து செய்த இறக்குமதி உரத்தில் கூடுதலாக இருக்கலாம். கழிவுநீர்ச் சேற்றை யாராவது இலவசமாகத் தந்தால், அதன் ஆய்வறிக்கை கையில் வரும்வரை ஒரு கூடை கூட இறக்க விடாதீர்கள்.

தண்ணீர் வரும் வழியையும் பாருங்கள். மெரிபேங்க் பகுதியில் நிலத்தடி நீரில் நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் கலந்திருப்பது 2004இல் வெளியே தெரிந்தது. கேட்டோ ரிட்ஜில் வெளிநாட்டுப் பாதரசக் கழிவைக் கையாண்ட ஓர் ஆலையில் 1990களின் தொடக்கத்தில் தொழிலாளர்கள் நச்சுப்பட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள். அங்கிருந்து வடிந்தது உம்ங்கேனி ஆற்றின் கிளை ஓடையில் சேர்ந்தது. ஆற்றோர நிலம் என்றால் 2022 ஏப்ரல் வெள்ளம் எங்கே வண்டலைக் கொண்டுவந்து போட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த வண்டலைத் தனி மாதிரியாக எடுக்க வேண்டும்.

பழைய வான்படங்களும் உதவும். கேப் டவுனின் மவ்பிரேயில் உள்ள தேசிய நில அளவை அலுவலகத்தில் 1930களிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. உங்கள் நிலத்தின் மேல் முன்பு என்ன கட்டடம் நின்றது என்று அதில் பார்த்துவிடலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவதும் அதே அளவுக்குப் பயன்படும்.

இரண்டாம் படி: மாதிரி எடுப்பது

இங்கே கவனக்குறைவாக இருந்தால் மேற்கொண்டு செய்வது எல்லாம் வீண். நிலத்தை வரலாற்றைக் கொண்டு பிரியுங்கள்: சாலையோரம் ஒன்று, பழைய குப்பைக்குழி ஒன்று, நடுவயல் ஒன்று. சந்தேகமான இடத்து மண்ணை நல்ல இடத்து மண்ணோடு கலக்கவே கூடாது. கலந்தால் சராசரி எண் வரும். அந்த எண் எந்த இடத்துக்கும் உண்மையாக இருக்காது.

ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில், மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் வெறுமண் என்றால் ஆழம் வேண்டாம். மேலே உள்ள 2 சென்டிமீட்டர்தான் அவர்கள் கையில் ஒட்டுகிறது, அதை மட்டும் சுரண்டுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். துத்தநாகம் பூசிய வாளியும் பெயின்ட் அடித்த மண்வெட்டியும் வேண்டாம், அவற்றின் உலோகம் மாதிரியில் ஏறும். நிழலில் உலர்த்தி, பையின் மேல் இடம், ஆழம், தேதி எழுதுங்கள். பாதரசம் சந்தேகம் என்றால் உலர்த்தாமல் கண்ணாடிக் குப்பியில் குளிராக அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: ஆய்வகத்தில் சரியானதைக் கேளுங்கள்

ஹில்டன் அருகே சீடாராவில் உள்ள மாகாண வேளாண் துறை ஆய்வகம் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்), பாஸ்பரஸ், அமிலச் செறிவு, துத்தநாகம், செம்பு போன்றவற்றைப் பார்த்துத் தரும். கரும்பு போடுகிறவர்களுக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் உர ஆலோசனைச் சேவை உண்டு. இரண்டும் பயிர் ஊட்டத்துக்கான சோதனைகள். ஈயம், காட்மியம், ஆர்செனிக் வழக்கமான தொகுப்பில் வராது. அவற்றுக்கு தேசிய அங்கீகார அமைப்பான சானாஸ் சான்று பெற்ற ஆய்வகத்தை நாடுங்கள்.

மூன்று விஷயங்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். அமிலத்தில் கரைத்து அளக்கும் மொத்த அளவு, அமோனியம் நைட்ரேட் போன்ற மென்மையான கரைசலில் கரையும் அளவு, மண்ணின் பிஎச். மொத்த அளவு மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். கரையும் அளவு அதில் எவ்வளவு செடிக்குக் கிடைக்கும் என்று சொல்லும். செலவைக் குறைக்க வேண்டுமானால் முதலில் மொத்த அளவை மட்டும் பார்த்து, கூடுதலாக வந்த இடத்துக்கு மட்டும் மற்றதைக் கேட்கலாம்.

நான்காம் படி: எண்களைப் படிப்பது

2014 மே மாதம் வெளிவந்த தேசிய மண் தர விதிகளில் சல்லடை மதிப்புகள், அதாவது மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்று பிரித்துக் காட்டும் எல்லை எண்கள், இருக்கின்றன. எல்லா வகை நிலத்துக்கும் பொதுவான கடுமையான முதல் மதிப்பு, கிலோ மண்ணுக்கு ஈயம் 20 மில்லிகிராம், ஆர்செனிக் 5.8, காட்மியம் 7.5, செம்பு 16. சாதாரண குடியிருப்பு நிலத்துக்கு ஈயம் 230, ஆர்செனிக் 48, காட்மியம் 32. முறைசாராக் குடியிருப்புக்கு (குடிசைப் பகுதிக்கு) ஈயம் 110, ஆர்செனிக் 23, காட்மியம் 15.

முதல் மதிப்பைத் தாண்டிவிட்டது என்பதற்காக மண் நச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். டோலரைட் என்ற கரும்பாறையிலிருந்து உண்டான சிவப்பு மண்ணில் செம்பு இயற்கையாகவே 16க்கு மேல் இருக்கும். அந்த எண் இன்னும் ஆழமாகப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

காட்மியத்தில் மட்டும் இந்த அட்டவணையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 7.5 என்பது கீரை போடும் நிலத்துக்கு மிக அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் கழிவுநீர்ச் சேறு இடும் வயலுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. நம் ஊர்ப் புளிப்பு மண்ணில் காட்மியம் எளிதாகக் கரைந்து இலைக்கு ஏறும். ஆகவே 1க்கு மேல் வந்தாலே கீரையைப் பறித்து, இலையையே ஆய்வுக்கு அனுப்புங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இலைக்காய்கறிக்கு வைத்த காட்மிய எல்லை கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அந்த எல்லையில் இருக்கும் கீரையை ஒருவர் தினம் 200 கிராம் சாப்பிட்டால் 40 மைக்ரோகிராம் உள்ளே போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏற்கத்தக்க அளவு, மாதக் கணக்கை நாளுக்கு வகுத்தால், 50. கடைக்குப் போகும் கட்டுக்கீரை சட்டப்படி சரியாக இருந்தாலும், தினமும் கீரை உண்ணும் நம் வீடுகளில் விளிம்பு எவ்வளவு மெல்லியது பாருங்கள்.

ஈயத்துக்கு இன்னொரு கணக்கு. சிறு குழந்தை ஒரு நாளில் 200 மில்லிகிராம் வரை மண்ணை விழுங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மண்ணில் ஈயம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால் அது 80 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவு வழியாக வரலாம் என்று வைத்திருக்கும் குறிப்பு அளவு நாளுக்கு 2.2 மைக்ரோகிராம் மட்டும்.

ஐந்தாம் படி: உடலில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சிறு பங்குதான் உடலில் சேரும். குழந்தைகளுக்குப் பாதி வரை சேரும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடும். படிப்பும் கவனமும் பாதிக்கப்படும், ரத்தசோகை வரும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் உயரும். ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்கு இறங்கும்.

கர்ப்பிணிகள் மண் தின்னும் ஆசை நம்மிடமும் உண்டு, தென்னாப்பிரிக்காவின் மற்ற சமூகங்களிலும் உண்டு. அதைக் கேலி செய்யவும் அதட்டவும் வேண்டாம். இரும்புச் சத்துக் குறைவு பெரும்பாலும் கூடவே இருக்கும், கிளினிக்கில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுங்கள். கொல்லை மண்ணும் சந்தையில் விற்கும் மண்ணும் குழந்தைக்கு ஈயத்தைக் கொண்டுபோகும் என்று அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறி 10 முதல் 30 வருடம் வரை இருக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் இத்தாய்-இத்தாய் நோய் வந்தது. 1968இல் அரசே அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. புகைபிடிப்பவர்களுக்குக் காட்மியம் இரட்டை வழியில் சேரும். ஆர்செனிக் நீண்டகாலம் சேர்ந்தால் உள்ளங்கையும் பாதமும் தடித்துப் புள்ளி விழும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கும் அது காரணம்.

ஆறாம் படி: எதை எங்கே நடுவது

கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, லெட்டூஸ் ஆகியவை அதிகம் வாங்கும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட், மதும்பி (சேப்பங்கிழங்கு) போன்ற கிழங்குகளில் தோலில் ஒட்டிய மண்ணோடு ஈயம் வரும். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, சுரை, சோளம் ஆகியவற்றின் காயில் உலோகம் மிகக் குறைவாகவே சேரும். ஆகவே சுத்தமான மண் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கீரைக்குக் கொடுங்கள். சந்தேகமான இடத்தில் கத்தரியும் வெண்டையும் போடுங்கள்.

அளவு மிகக் கூடிய இடத்தில் உணவுப்பயிரே வேண்டாம். துலுக்கச் சாமந்தி போடலாம். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் நம் கோயில்களுக்கு மாலை எவ்வளவு வேண்டியிருக்கிறது. நிலமும் சும்மா கிடக்காது, வருமானமும் நிற்காது.

முருங்கை, கறிவேப்பிலை மாதிரியான மரங்களின் இலையில் சாலைத் தூசி படியும். ஓடும் நீரில் நன்றாக அலசினால் அதில் பெரும்பகுதி போய்விடும். கீரையைப் பாத்திரத்தில் ஊறவைத்தால் மண் மறுபடி இலையிலேயே படியும், அதனால் குழாய் நீரில் மூன்று முறை அலசுங்கள். வேண்டுமானால் ஒரு முறை வினிகர் கலந்த நீரில் முக்கலாம். ஆனால் கழுவுவதால் காட்மியம் போகாது, அது இலைக்கு உள்ளே இருக்கிறது.

கொல்லையில் கோழி மேய்ந்தால் முட்டையிலும் ஈயம் சேரும். சந்தேகமான இடத்தில் கோழியை விட வேண்டாம்.

ஏழாம் படி: மண்ணைச் சீர்படுத்துவது

முதல் வேலை சுண்ணாம்பு. குவாசூலு-நட்டால் மழையில் மண் புளித்துப் போகும், புளித்த மண் உலோகத்தை விட்டுக்கொடுக்கும். தண்ணீரில் அளந்த பிஎச் 6.5க்கு மேல் வந்தால் காட்மியம், ஈயம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் இறுகும். இங்குள்ள ஆய்வகங்கள் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளப்பதால் அறிக்கை எண் சுமார் ஒன்று குறைவாக இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை சீடாரா அறிக்கையே சொல்லும்.

ஆர்செனிக் உள்ள நிலத்தில் அவசரப்பட்டுச் சுண்ணாம்பு போட வேண்டாம். பிஎச் ஏறினால் ஆர்செனிக் கூடுதலாகக் கரையும். பாஸ்பேட்டும் அப்படித்தான்: ஈயத்தைப் பிடித்து வைக்கும், ஆர்செனிக்கை விடுவிக்கும். எந்த உலோகம் என்று தெரியாமல் மருந்து போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நல்ல கம்போஸ்ட் ஈயத்தையும் செம்பையும் பிணைக்கும், தூசியையும் குறைக்கும். துத்தநாகம் குறைந்த மண்ணில் செடி காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும் என்பதால், குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். உப்பு ஏறிய தண்ணீரும் காட்மியத்தைக் கரைக்கும்.

வீட்டுத்தோட்டத்துக்கு எளிய வழி உயர்பாத்தி. அடியில் துணித்தடுப்பு விரித்து, மேலே 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரிசோதித்த மண் போடுங்கள். நடைபாதையில் மரச்சில்லோ புல்லோ போட்டு வெறுமண்ணை மூடுங்கள்.

செடி நட்டு உலோகத்தை உறிஞ்சி எடுக்கலாம் என்று நிறையப் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட செடிகள் உண்மையாகவே உண்டு. மபுமலாங்காவின் நிக்கல் மண்ணில் வளரும் பெர்க்கெயா கோடியி (Berkheya coddii) என்ற மஞ்சள் பூச்செடி நிக்கலைத் தன் இலையில் அபாரமாகச் சேர்க்கும். ஆனால் ஈயத்துக்கு அப்படி எளிதில் வேலை செய்யும் செடி இல்லை, மற்றவற்றுக்கும் வருடங்கள் பல ஆகும், அறுத்த செடியையும் நச்சுக் கழிவாகவே அகற்ற வேண்டும். காய்கறி விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டாம் படி: வீட்டுக்குள் மண் வராமல் பார்ப்பது

செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கத்தைத் தோட்டத்து பூட்ஸுக்கும் கடைப்பிடியுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சாப்பாட்டுக்கு முன் குழந்தைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். சானிடைசர் ஈயத்தை நீக்காது.

ஒன்பதாம் படி: மருத்துவரிடம்

அளவு கூடிய நிலத்தில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் ரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. ஈய நச்சும் பாதரச நச்சும் தென்னாப்பிரிக்காவில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள். மருத்துவர் தயங்கினால் இதை நினைவூட்டலாம். முடியை வெட்டி அனுப்பும் சோதனையை நம்பாதீர்கள்.

ஆர்செனிக்குக்குச் சிறுநீர்ச் சோதனை. அதற்கு முன் மூன்று நான்கு நாள் மீன், நண்டு, இறால் எதையும் தொடாதீர்கள். கடல் உணவில் உள்ள தீங்கற்ற ஆர்செனிக் கணக்கைக் குழப்பிவிடும்.

வீட்டில் பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர் இருந்தாலும், ஊரிலிருந்து வந்த குங்குமமோ கண்மையோ பயன்படுத்தினாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றிலும் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். சொல்லாவிட்டால் குற்றம் முழுவதும் தோட்டத்தின் மேல் விழும், உண்மையான வழி திறந்தே கிடக்கும்.

பத்தாம் படி: சட்டம்

2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, நிலம் கணிசமாக மாசுபட்டிருப்பது தெரியவந்ததும் உரிமையாளர் அமைச்சருக்கும் மாகாண அரசுக்கும் அறிவிக்க வேண்டும். மாசைக் கொண்டுவந்தவருக்கும் அதே கடமை உண்டு. இதைக் கேட்டுப் பலர் பரிசோதனையே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதே மண்ணில் பிள்ளைகள் விளையாடும்போது ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. குத்தகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்துக்கு முன்பே மண் அறிக்கை கேளுங்கள். பக்கத்து ஆலை காரணம் என்று சந்தேகித்தால், 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அதன் கண்காணிப்பு அறிக்கைகளைக் கேட்கலாம். தனியாகப் போராட வேண்டியதில்லை: தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி பல வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறது.

சுண்ணாம்பு போட்ட நிலத்தில் பிஎச்சை ஒவ்வொரு வருடமும் பாருங்கள். மழை அதை மறுபடி கீழே இழுக்கும், இறுகிய காட்மியமும் மறுபடி கரையும். மொத்த உலோகத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். வெள்ளம் வந்துபோனாலோ, புதிதாக லாரி மண்ணோ எருவோ இறக்கினாலோ மட்டும் அந்தத் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.